கஞ்சி போட்ட படகுப்பாய்

உங்களில் யாருடைய பிள்ளையாவது ஒரு நாள் வந்து, பாய்ப்படகு வாங்கப்போகிறேன் என்று சொன்னால், வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை. படகின் அடியைப் பார்க்கச் சொல்லுங்கள். கீழே தொங்கும் கனமான கீலைப் படகோடு சேர்த்துப் பிடித்திருக்கும் ஆணிகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மரப்படகென்றால், கீலுக்குப் பக்கத்துப் பலகையில் பேனாக்கத்தியின் நுனியை வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். பாண் ரொட்டியில் இறங்குவதுபோல இறங்கினால் அந்தப் படகை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். புதுப் பெயின்ரைப் பார்த்து மயங்கக்கூடாது. விற்கப்போகிறவன் எதற்காகப் பெயின்ர் அடித்தான் என்று கேட்க வேண்டும்.

வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடற்பக்கம் உள்ள ஒழுங்கையில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நினைப்பீர்கள். நாங்கள் கடலைப் பார்த்து வளர்ந்தவர்கள், அதற்குள் இறங்கியவர்கள் அல்லர். பின்னேரங்களில் தண்டவாளத்தைக் கடந்துபோய்க் கல்லில் உட்கார்ந்து கச்சான் கடலை தின்றுவிட்டு, கால் நனையாமல் வீட்டுக்கு வருவோம். உங்களில் பலரும் அப்படித்தான். ஆனால் எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு பருவம் அரைப் படகு சொந்தமாக இருந்தது. மற்ற அரை கொட்டாஞ்சேனையில் இருந்தது.

இப்போது என் மகள் தன் அலுவலக நண்பர்கள் இருவரோடு சேர்ந்து பழைய படகொன்று வைத்திருக்கிறாள். இரண்டு வாரத்துக்கு முன் கல்கிசைக்கு வெளியே திடீரென்று கிளம்பிய காற்றில் அது சரிந்து தண்ணீர் நிறைந்துவிட்டது. மூன்று பேரும் படகைப் பிடித்தபடி மிதந்திருக்கிறார்கள். மீன் பிடித்துத் திரும்பியவர்கள் கண்டு ஏற்றிக்கொண்டு வந்தார்கள். தெரியாத இலக்கத்திலிருந்து எனக்கு ஒரு அழைப்பு வந்தது. உங்கள் மகள் சுகமாக இருக்கிறாள் என்று ஒருவர் சிங்களத்தில் சொன்னார். மகள் என்ற சொல் வரைக்கும்தான் எனக்குக் கேட்டது. பிறகு அவர் திரும்பத் திரும்பச் சொன்னதெல்லாம் நிலத்தில் கிடந்த தொலைபேசிக்குச் சொன்னது. அன்றிலிருந்து தொலைபேசி அடித்தால் இலக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

படகைத் திருத்திவிட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி போட்டி. பாய் மட்டும் போன புதன்கிழமை வரை எங்கள் நாலாம் மாடி வீட்டில், சாப்பாட்டு மேசைக்கும் யன்னல் கம்பிக்கும் இடையில் தொங்கியது. நல்ல தண்ணீரில் அலசி உப்பெடுத்து நிழலில் காயவிடும்படி என்னிடம் தந்துவிட்டுப் போனாள். வாசலில் செருப்பை மாட்டியபடி சொன்னாள்: “அம்மா, அயன் மட்டும் பண்ணிப்போடாதேங்கோ. பரம்பரைப் புத்தி எண்டு சனம் சிரிக்கும்.”

எங்கள் குடும்பத்தின் பழைய பகிடி அது. பெண்கள் பாடசாலையில் மனையியல் படிப்பித்த என் அம்மா படகுப்பாயை டோபியிடம் கொடுத்துக் கஞ்சி போட்டு ஸ்திரிக்கை போடுவித்தார். கலியாண வீடுகளிலும் செத்தவீடுகளிலும் சொல்லிச் சிரித்த கதை. நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இந்த வாரம் முதல் என்னால் அதைச் சொல்ல முடியாது.

பாணுக்கு விடிய எழும்பி வரிசையில் நின்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வராது. வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர், தேயிலைக் கம்பனிக்காரர், துறைமுகத்துக்குள் கட்டியிருந்த தன் படகை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார். அதை அப்பாவும் கொட்டாஞ்சேனை அங்கிளும் சேர்ந்து வாங்கினார்கள். அப்பா அரசாங்கக் கணக்காளர். அங்கிள் துறைமுக அலுவலகத்தில் இழுவைப் படகுகளுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர். கலியாணத்துக்கு முன் இருவரும் ஒரே போடிங் வீட்டில் தங்கியிருந்தவர்கள். ஒருவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மீன் மச்சமில்லை, மற்றவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் சாப்பாடில்லை. பாய்மரத்தின் அடியில் ஒரே ஆணியில் பிள்ளையாரையும் அந்தோனியாரையும் தொங்கவிட்டார்கள்.

வெளியே போன வெள்ளைக்காரர் விட்டுப்போன இன்னொரு சாமான், படகோட்டுவது பற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகம். அப்பா அதை இரவுச் சாப்பாட்டில் எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். அம்மா புட்டுக்குக் குழம்பு ஊற்றியபடி கேட்டுக்கொண்டிருப்பார். காற்று பலக்கப்போகிறதென்று சந்தேகம் வந்த உடனேயே பாயைச் சுருக்கிக் கட்ட வேண்டும், காற்று வந்த பிறகு கட்ட முடியாது. பாயை வெயிலில் போட்டு வைக்கக்கூடாது. கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்கக்கூடாது. படகு எதிலாவது மோதப்போனால் கையையோ காலையோ இடையில் கொடுக்கக்கூடாது. அப்பாவுக்கு எல்லா விதியும் பாடம். அங்கிள் எந்த விதியையும் வாசித்ததில்லை. அவருக்குக் கடலைப் பார்த்தால் போதுமாம்.

இருவர் சேர்ந்து படகு வாங்குவதென்றால், செலவைப் பிரிப்பது பெரிய விஷயமில்லை. இன்றைக்குப் போகவேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு என்று முதல் நாளே பேசி முடித்துவிட வேண்டும். அதைச் சொல்வது வெட்கமில்லை என்றும் பேசிவிட வேண்டும். இவர்கள் அதைப் பேசவில்லை. ஒருவர் சுக்கான் பிடிக்க மற்றவர் கட்டளை போடுவார். திரும்பும்போது மாறிக்கொள்வார்கள். படகில் இரண்டு கப்பித்தான்மார், ஒரு சிப்பாய். சிப்பாய் என் அண்ணா. பதினாலு வயது. போட்டி விதிப்படி மூன்று பேர் வேண்டும். காற்றுப் பக்கத்து விளிம்பில் தொங்கிப் பாரமாக இருப்பதுதான் அவர் வேலை. பாரமென்று சொல்ல அவரிடம் எலும்பைத் தவிர ஒன்றுமில்லை.

“இவனை வைச்சுப் படகைச் சரிக்கட்டுறதெண்டால் பொக்கற்றுக்குள்ள கல்லுப் போடோணும் மச்சான்,” என்பார் அங்கிள். அண்ணா உண்மையாகவே கல் பொறுக்கிக்கொண்டு போவார்.

நான் பெண்பிள்ளை, அதுவும் எட்டு வயது. துறைமுகச் சுவரில் உட்கார்ந்து பார்க்க மட்டும் அனுமதி. எனக்கு நினைவிருப்பது மணம்தான். எண்ணெயும் தாரும் அழுகிய மிளகாய் மூட்டையும் சேர்ந்த துறைமுகத்து மணம். அடிப்பக்கம் தெரியும்படி படகைச் சாய்த்துக் கட்டியிருப்பார்கள். பாசியைத் தேங்காய்ப் பொச்சும் மணலும் போட்டுத் தேய்ப்பார்கள். அடி வழுவழுப்பாக இல்லாவிட்டால் எந்தப் பாயும் வேலை செய்யாது, அதையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அப்பா வேலை முடிந்து அதே வெள்ளைச் சேட்டோடு தேய்ப்பார். அப்போதுதான் அவர் பாடிக் கேட்டிருக்கிறேன். அலுவலகத்திலிருந்து வரும் அப்பாவும் இந்தப் பாடுகிறவரும் ஒரே ஆள்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கும்.

பழைய கயிறுகள் நைந்தபோது வெளிநாட்டுக் கயிறு கிடைக்கவில்லை. அங்கிள் ஒருகொடவத்தைக் களஞ்சியமொன்றில் தும்புக்கயிறு வாங்கி வந்தார். அது நனைந்து ஊதிக் கப்பிக்குள் சிக்கிக்கொண்டது. தொடக்க வெடி கேட்டதும் மற்றப் படகுகள் எல்லாம் தொடக்கக் கோட்டைத் தாண்டிப் போக, எங்கள் படகு அதே இடத்தில் ஒரு வட்டம் அடித்தது. அடுத்த போட்டியில் வெடிக்கு முன்னே கோட்டைத் தாண்டிவிட்டார்கள். திரும்பிப்போய் மறுபடி தொடங்க வேண்டும். அங்கிள் அது வெடிச்சத்தம் பிந்தி வந்ததென்று வாதாடினார். அந்தப் பருவத்தில் அவர்கள் ஒரு போட்டியிலும் கடைசிக்கு முன்னால் வரவில்லை. வெள்ளைக்காரரும் பறங்கியரும் கப்பல் ஏஜண்டுமாராய் இருந்த அந்தக் கூட்டத்தில் வேட்டி கட்டுகிற வீட்டுப் படகு இது ஒன்றுதான். கடைசியாய் வரலாம், வராமல் இருக்கக்கூடாது என்பது அப்பாவின் கொள்கை.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பம்பலப்பிட்டியில் படிப்பித்தார். எந்தத் துணிக்கு எந்தச் சூடு, எந்தக் கறைக்கு எந்த மருந்து என்று கரும்பலகையில் அட்டவணை போட்டுப் படிப்பிப்பவர். அப்பாவிடம் ஒரே ஒரு டெரிலின் காற்சட்டை இருந்தது. அந்தக் காலத்தில் டெரிலின் என்றால் நகை மாதிரி. கிருலப்பனையிலிருந்து சனிக்கிழமைகளில் சைக்கிளில் வரும் டோபி அதை ஒரு முறை கரிப்பெட்டியால் தேய்த்து, தொடைப்பக்கம் அப்பளம்போல் சுருங்கச் செய்துவிட்டார். அதற்குப் பிறகு அம்மா டெரிலினை அவரிடம் கொடுத்ததே இல்லை. வீட்டிலேயே அலசி, மேலே ஈரத்துணி விரித்து, ஆறின பெட்டியால் ஒற்றி எடுப்பார். இதையெல்லாம் வீட்டில் யாரும் கவனித்ததில்லை. எங்கள் வீட்டு ஆண்களுக்குத் துவைத்த உடுப்பென்பது அலுமாரிக்குள் தானாக முளைப்பது.

படகின் பெரிய பாயும் டெரிலின்தான். துறைமுகத்துக் கொட்டிலில் வைத்தால் எலி கடிக்குமென்று அப்பா ஒவ்வொரு முறையும் அதை வீட்டுக்குக் கொண்டுவருவார். பின்விறாந்தையில் அம்மா அதை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் போடுவார்.

மாசி மாதத்தில் ஒரு போட்டியில் அண்ணா கடலுக்குள் விழுந்தார். துறைமுகத்துக்குள்தான். பக்கத்துப் படகுக்காரர் கொக்கித்தடியால் சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்தார்கள். அன்று அவர் எண்ணெய் பூசிய மீன்போல வீட்டுக்கு வந்தார். காதுக்குள், மூக்குக்குள், கண்ணிமையில் எல்லாம் கப்பல் எண்ணெய். அம்மா கிணற்றடியில் இருத்திவைத்து அரப்பும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார். எண்ணெய் போன பிறகும் தேய்த்தார். அண்ணா நோகுது நோகுது என்று கத்தினார்.

அன்று சாப்பாட்டின்போது அம்மா கேட்டார். “கடைசிப் போட்டிக்குப் பிள்ளையை விட்டிட்டுப் போங்கோ.”

கடைசிப் போட்டி துறைமுகத்துக்கு வெளியே. அலைதடுப்புச் சுவரைத் தாண்டி, கரையோரமாக வெள்ளவத்தை வரை வந்து, அங்கே நங்கூரமிட்டிருக்கும் மிதவையைச் சுற்றித் திரும்ப வேண்டும்.

“அவன் இல்லாட்டி ரெண்டு பேர்தான். விட மாட்டினம்,” என்றார் அப்பா.

“அப்ப நீங்களும் போகாதேங்கோ.”

அப்பா புத்தகத்தைத் திறந்து வைத்தபடி, ஆபத்தென்பது எல்லாம் தயார் நிலையில் இல்லாதவர்களுக்குத்தான் என்று விளக்கத் தொடங்கினார். அம்மா எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவினார். எங்கள் அம்மா எதையும் ஒரு தரத்துக்கு மேல் கேட்பவர் அல்லர்.

போட்டிக்கு முந்திய வாரம் பாய் வீட்டில் இல்லை. சனிக்கிழமை டோபியின் சைக்கிளில் அது திரும்பி வந்தது. வேட்டிபோல் மடித்து, நீலம் போட்டு, தட்டினால் சத்தம் வரும்படி கஞ்சி போட்டு. விரித்தபோது மடிப்புக் கோடுகள் சதுரம் சதுரமாக நின்றன. ஓரமெல்லாம் சுருங்கி, நடு மட்டும் தளர்ந்து, கிழவன் வயிறுபோலத் தொங்கியது. அப்பா அதன் ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகம் அப்படிப் போனதை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

“பெரிய மனிசரெல்லாம் பாக்க வருவினம். வெள்ளையா இருக்கட்டும் எண்டு நினைச்சன்,” என்றார் அம்மா.

புதுப் பாய் வாங்க நாட்டில் வழியில்லை. போட்டி இனி இல்லை என்றே எல்லாரும் நினைத்தோம். அண்ணா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா அன்று பின்னேரம் பயற்றம் பணியாரம் சுட்டார். தீபாவளிக்கும் வருடப்பிறப்புக்கும் மட்டும் சுடுகிற பணியாரம்.

பணியாரம் ஆறுமுன் கொட்டாஞ்சேனை அங்கிள் வந்துவிட்டார். பாயைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ரீச்சர், இதுக்கு ஒரு கொலரும் வைச்சிருந்தா பூசைக்குப் போட்டுக்கொண்டு போயிருப்பனே.” பிறகு அப்பாவைப் பார்த்து, “கஞ்சி கடல் தண்ணியில கரைஞ்சு போகும். பாய் பாய்தான் மச்சான். நீ என்ன சொல்லுறாய்?” என்றார்.

அந்த இடம் எனக்கு இப்போதும் அப்படியே தெரிகிறது. இரண்டு பேரும் பாயின் இரண்டு பக்கத்தில். அப்பாவுக்கு அது சரிவராதென்று தெரியும், அவர் புத்தகம் படித்தவர். அங்கிளுக்கும் தெரிந்திருக்கும், அவர் சிரித்த சிரிப்பு நீளமாக இருந்தது. முதலில் வேண்டாம் என்று மற்றவர் சொல்லட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

“நீ ஓமெண்டால் ஓம்,” என்றார் அப்பா.

“நான் எப்பவும் ஓம்தானே.”

அம்மா பணியாரத் தட்டோடு குசினி வாசலில் நின்றார். தட்டை வைக்காமலே திரும்பி உள்ளே போனார்.

போட்டியன்று அங்கிளின் மனைவி, நாங்கள் அன்ரி என்று கூப்பிடுவோம், கொட்டாஞ்சேனையிலிருந்து கட்லட் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தார். அம்மா, அன்ரி, நான் மூன்று பேரும் வெள்ளவத்தை ஸ்ரேசனுக்குப் பக்கத்துக் கற்களில் போய் இருந்தோம். கல் சுட்டது. பாய்கள் வடக்கிலிருந்து ஒவ்வொன்றாகத் தெரிந்தன. எங்கள் படகை நான்தான் முதலில் கண்டேன். மற்றப் பாய்களெல்லாம் பழுப்பாக இருக்க, அது மட்டும் நீலம் பட்ட வெள்ளை. அன்றைக்கு அவர்கள் கடைசியில்லை, நாலாவதாக வந்தார்கள். பின்னால் இருந்து வருகிற காற்றுக்குத் தொளதொளத்த பாயும் போதும். அன்ரி எழுந்து நின்று கை காட்டினார். அண்ணா விளிம்பில் தொங்கியபடி எங்களைப் பார்த்துக் கை அசைத்தார். மிதவையைச் சுற்றினார்கள்.

அதற்குப் பிறகு தென்மேற்கில் ஒரு கறுப்பு எழும்பியது. பங்குனியின் கடைசியில் வருமே, அந்த மாதிரி. காற்று மாறிக் கடலிலிருந்து கரையை நோக்கி அடித்தது. மற்றப் படகுகள் பாயைச் சுருக்கிக்கொண்டு, காற்றுக்குக் குறுக்கே ஏறி, வெளிக்கடல் பக்கம் விலகிப் போயின. எங்கள் படகும் முகத்தை அந்தப் பக்கம்தான் வைத்திருந்தது. ஆனால் அது முன்னால் போகவில்லை. நண்டுபோலப் பக்கவாட்டில் எங்களை நோக்கி வந்தது.

“அது இனி ஏறாது,” என்றார் அம்மா.

படகோட்டம் பற்றி ஒரு நாளும் வாய் திறக்காத அம்மா. என்ன அக்கா என்று அன்ரி கேட்டார். அம்மா படகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என் கையைப் பிடித்திருந்தார். அந்தப் பிடியில் என் விரல்கள் விறைத்துப்போயின.

நல்ல பாய் இருந்தால் ஏறியிருக்கும். கரைப்பக்கம் அடிக்கிற காற்றில் உங்கள் பிள்ளையைக் காப்பாற்றுவது ஒன்றே ஒன்றுதான், காற்றை எதிர்த்து ஏறக்கூடிய பாய். அதில் காசு மிச்சம் பிடிக்கக்கூடாது.

படகு அலையோடு உயர்ந்து கற்களுக்கு வந்தது. அப்பா சுக்கானைப் பிடித்தபடி என்னவோ கத்துவது தெரிந்தது, கேட்கவில்லை. அங்கிள் விளிம்பில் உட்கார்ந்து, கல்லை உதைத்துத் தள்ளுவதற்காக வலது காலை நீட்டினார். புத்தகத்திலும் இருந்த விதி, அங்கிள் வாசிக்காத விதி. தொன் கணக்கான படகு அந்தக் காலின் மேல் வந்து இருந்தது.

தண்டவாளக் கரையில் குடிசை போட்டிருந்தவர்கள் ஓடிப்போய் இறங்கினார்கள். முதலில் கொண்டுவந்தது அண்ணாவை. முழங்கால் இரண்டிலும் தோல் உரிந்திருந்ததைத் தவிர ஒன்றுமில்லை. அவர் சேட் பையிலிருந்து கற்கள் விழுந்தன. அம்மா அவரைத் தொடவில்லை. அன்ரியின் பக்கத்தில் போய் நின்றார். அன்ரி அந்தோனியாரே அந்தோனியாரே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். கட்லட் டப்பாவை யாரோ மிதித்துவிட்டார்கள்.

அங்கிளின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். படகு இரண்டு நாள் கல்லில் அடிபட்டுக் கிடந்து உடைந்தது. சனம் பலகையை விறகுக்கு எடுத்தது. பாயைக் குடிசைக்காரர் ஒருவர் கூரையில் விரித்துக் கட்டினார். பிறகு பல வருடம் பம்பலப்பிட்டிக்கு ரயிலில் பள்ளிக்கூடம் போகும்போது அது தெரியும், நீலமும் வெள்ளையுமாக. அந்த இடம் வந்ததும் அம்மா மறுபக்கம் திரும்பி வீடுகளைப் பார்ப்பார். ஆங்கிலப் புத்தகத்தை அப்பா என்ன செய்தாரென்று தெரியவில்லை. அவர் பாடியதை நான் பிறகு கேட்கவில்லை.

அம்மா சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனைக்குப் போகத் தொடங்கினார். இரண்டு பஸ் மாறி, என்னையும் இழுத்துக்கொண்டு. அங்கிளின் காற்சட்டைகளின் வலது காலை அளவாக வெட்டி, மடித்து, பிசிறில்லாமல் தைத்துக் கொடுப்பார். டெரிலின் என்றால் மேலே ஈரத்துணி விரித்து, ஆறின பெட்டியால் ஒற்றுவார். அன்ரி வேண்டாம் அக்கா, நான் செய்யிறன் என்று பறிக்கப் பார்ப்பார். அம்மா கொடுக்கமாட்டார். நல்ல பெண் என்று கொட்டாஞ்சேனை முழுக்கப் பேர். அங்கிளுக்கு வேலை போய்விட்டது, ஆனால் வாய் போகவில்லை. வருகிற ஆட்களுக்கெல்லாம் கதை சொல்வார்.

“மனையியல் ரீச்சர் பாய்க்குக் கஞ்சி போட்டா. ஆண்டவர் எனக்குக் காலுக்குக் கத்தரி போட்டார்.”

எல்லாரும் சிரிப்பார்கள். அம்மாவும் தேத்தண்ணித் தட்டைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அங்கிள் சாகும்வரை அப்படித்தான். அண்ணா இருபது வயதில் வணிகக் கப்பலொன்றில் ஏறினார். வாழ்நாள் முழுக்கக் கடலில். அம்மா கடைசியாகப் படுத்திருந்தபோது அவர் எந்தக் கடலில் இருந்தாரென்று எங்களுக்குத் தெரியாது.

போன புதன்கிழமை மத்தியானம் மகளின் சட்டைகளுக்கு ஸ்திரிக்கை போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் வேறு யாருமில்லை. பாய் பக்கத்தில் தொங்கியது, காய்ந்துவிட்டிருந்தது. அவள் ஞாயிற்றுக்கிழமை இதைக் கட்டிக்கொண்டு மறுபடி கல்கிசைக்கு வெளியே போவாள் என்பதைத் தவிர என் தலையில் ஒன்றுமில்லை. பிறகு பார்த்தால், பெட்டியின் சூட்டை முழுதாகத் திருப்பிவிட்டு, பாயின் ஓரத்தை மேசைமேல் இழுத்து வைத்திருக்கிறேன். பெட்டி கையில் இருக்கிறது. வெள்ளையாக இருக்கட்டும் என்று நினைத்தேன் என்று சொல்லலாம். பரம்பரைப் புத்தி என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அப்போதுதான், அம்மா பாயை டோபியிடம் கொடுத்த அந்தச் சனிக்கிழமை நினைவில் திரும்பி வந்தது. மறந்துபோனது அல்ல. பகிடியாகச் சொல்லும்போது நான் எப்போதும் அதில் முதற்பாதியை மட்டும் சொல்வேன். எட்டு வயதில் வாசற்படியில் இருந்து வாய்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். டோபி பாயை விரித்துப் பார்த்து, “இது என்னாங்கம்மா, கோயில் பந்தலா?” என்று கேட்டார். கேட்பவர்கள் அந்த இடத்தில் சிரிப்பார்கள். நானும் அதோடு நிறுத்திவிடுவேன். அதற்குப் பிறகும் பேச்சு நடந்தது.

“கஞ்சி தடிப்பாப் போடுங்கோ. பெட்டி நல்லாச் சுடட்டும். கரியைக் குறைக்க வேண்டாம்.”

“டெரிலினுங்களேம்மா. அன்னிக்கு ஐயா காற்சட்டை மாதிரி சுருங்கிடும்.”

“தெரியும். நீங்கள் செய்யுங்கோ.”

ஸ்திரிக்கைப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பாய் கெட்டால் போட்டி இல்லை, போட்டி இல்லாவிட்டால் பிள்ளை கரையில். அவ்வளவுதான் அவர் போட்ட கணக்கு. கெட்ட பாயோடும் போவார்கள் என்பது மட்டும் அவருடைய அட்டவணையில் இருக்கவில்லை. பணியாரத் தட்டோடு வாசலில் நின்றபோது அவர் வாயைத் திறந்திருக்கலாம். திறந்திருந்தால் அவர்கள் நின்றிருப்பார்களா? எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு எத்தனையோ சனிக்கிழமைகள் கொட்டாஞ்சேனையில் அந்த ஒற்றைக்கால் காற்சட்டையை அவர் என்ன நினைத்துக்கொண்டு ஒற்றியெடுத்தார் என்று கேட்பதற்கும் ஆளில்லை.

பின்னேரம் மகள் வந்தாள். பாயை மடிக்க இரண்டு பேர் வேண்டும். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், கூறைச்சேலை மடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டோம். ஒரே கோட்டில் மடிக்கக்கூடாது, ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி மடிக்க வேண்டும் என்று சொன்னேன். உங்களுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும் என்றாள்.

“ஞாயிற்றுக்கிழமை நீ போகத்தான் வேணுமோ?” என்று கேட்டேன்.

“ஓம் அம்மா.” பாயின் முனையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, குரலை இறக்கிச் சொன்னாள். “கரையில வந்து நிக்காதேங்கோ என்ன. உங்களைக் கண்டால் எனக்குக் கை நடுங்கும்.”

அவள் பாய்ப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். எங்கும் ஒரு சுருக்கமில்லாத நல்ல பாய். நானே மடித்துக் கொடுத்தது.

ஆகவே, உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லக்கூடியவை இவைதான். கீலைப் பார். பலகையைக் குத்திப் பார். காற்று வருமுன் பாயைச் சுருக்கு. எதற்கும் காலை நீட்டாதே. உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ள ஒன்று இருக்கிறது. பாய்க்குச் சூடு காட்டாதீர்கள். அதனால் ஒரு பிள்ளையும் கரையில் நிற்பதில்லை.